டைலில் துளை: கார்பைடு பிட்டா, டைமண்ட் பிட்டா?

செராமிக் சுவர் டைலில் திருகு மாட்ட 6 மி.மீ. துளைதான் வேண்டும் என்றால், டிரில் மெஷினில் மாட்டும் துளைக்கும் கம்பிகளில் (பிட்) ஈட்டி முனை கார்பைடு பிட்டே போதும்; அதன் முனை கார்பைடு என்ற கடினமான பொருளால் ஆனது. இந்த டைலின் உடல் மென்மையானது. மேலே உள்ள பளபளப்புப் பூச்சுதான் கடினம். அதைத் தாண்டினால் பிட் சுலபமாக இறங்கிவிடும். உடலும் கடினமான போர்சலின் டைலில் இதே பிட் சூடாகி மழுங்கிப்போகும். அங்கே நான் வைரத்துகள் பதித்த டைமண்ட் பிட்டைத்தான் எடுப்பேன். குழாய்க்கான பெரிய துளைக்கும் அதுவே. அது வெட்டுவதில்லை, அரைக்கிறது; அரைக்கும்போது சூடாகும். அதனால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுமுனை இல்லாததால் முதலில் வழுக்கும். சாய்த்துத் தொடங்கி, பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள்.

எந்தப் பிட்டானாலும் சரி, டிரில் சுழன்றுகொண்டே அடிக்கும் ஹேமர் மோடை தயவுசெய்து அணைத்துவிடுங்கள். அந்த அடி டைலைப் பிளந்துவிடும். டைலைத் தாண்டிச் சுவர் வந்தபிறகு, பிட்டை மாற்றி ஹேமர் போடலாம்.