பாகாயத்தில் 26 நாள்

வேலூர் சிஎம்சி, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநல மையம் எப்படி என்று சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தம்பிக்கு 24 வயதில் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. யாரும் இல்லாமலே காதில் குரல்கள் கேட்கும். எங்கள் ஊரிலேயே மாத்திரை சாப்பிட்டுத் தேறினான். அப்புறம் யாரோ சொல்லி அம்மா அவனை ஒரு ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?” என்று அங்கே ஒருவர் கேட்க, மாத்திரை பீரோவுக்குள் போய்விட்டது. இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தான். இந்த நோயில் மருந்தை நிறுத்திய மறுநாளே எதுவும் தெரிவதில்லை, அங்கேதான் ஏமாந்துபோகிறோம். மூன்றாம் மாதம் குரல்கள் திரும்பி வந்தன.

அதனால் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி என்றதுமே எனக்கு உதறல். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்தான் நான். ஆனாலும் பட்ட அடி அப்படி.

பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு நடுவில் இருக்கிறது. மனநல மையம் தள்ளி, மருத்துவக் கல்லூரி இருக்கும் பாகாயத்தில். இங்கே நோயாளியைச் சேர்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட முடியாது, வீட்டு ஆள் கூடவே தங்க வேண்டும். கனடாவிலிருந்து மிஷனரியாக வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் காலத்து ஏற்பாடு இது. மையம் 1957இல் தொடங்கியது. மனநோயாளி என்றால் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாகக் கிடப்பவர் என்றிருந்த நாளில், அம்மாவையும் அண்ணனையும் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் டாக்டர் அம்மாவிடம்தான் அதிக நேரம் பேசினார். செய்வினை, பிசாசு என்று அம்மா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் எதையும் மறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை, எழுதிக்கொண்டார். கடைசியில், “ஜெபம் பண்ணுங்கம்மா, யார் வேண்டாம்னா? முடிச்ச கையோட மாத்திரையைக் கொடுத்துடுங்க” என்றார். நான் ஆறு மாதம் சண்டை போட்டும் அம்மாவிடம் நடக்காத காரியம், அந்த ஒரு பேச்சில் நடந்தது.

ஆஸ்பத்திரியின் போதகர் (சாப்ளின்) ஒருநாள் வந்தார். ஜெபிக்கலாமா என்று தம்பியிடம் அனுமதி கேட்டார். அவன் வேண்டாம் என்றான். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரோ சரி என்று உட்கார்ந்து, கால் மணி நேரம் கிரிக்கெட் பேசிவிட்டுப் போனார். பக்கத்து அறையில் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்கள் தொழுகைக்கு விரித்த பாயை யாரும் ஏனென்று கேட்டதில்லை. ‘ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்யவே’ என்பது சிஎம்சியின் குறிக்கோள் வாசகம். 1900இல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடம். அந்த வாசகத்தைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அந்த கிரிக்கெட் பேச்சில்தான்.

நான் கற்றுக்கொண்டது வேறொன்று. குளிக்காமல், பேசாமல் படுத்தே கிடக்கிறானே என்று அவனைச் சோம்பேறி என்று திட்டுவேன். அதுவும் நோய்தான் என்று குடும்பத்தாரை உட்கார வைத்துச் சொன்னார்கள். குரல் கேட்பதை மாத்திரை பிடிக்கிற அளவுக்கு இந்தச் சோர்வைப் பிடிப்பதில்லையாம். வீட்டில் ஓயாத குத்தலும் ஏச்சும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுமாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: ரயிலில் என்றால் காட்பாடியில் இறங்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும், நிறுத்திய மாத்திரையின் அட்டை உட்பட, எடுத்துப் போங்கள். கூடத் தங்குபவர் வேலையில் இருந்தால் ஒரு மாத விடுப்புக்கு முன்கூட்டியே வழி பண்ணிக்கொள்ளட்டும், என்னைப் போல் நடுவில் ஓடி வந்து மானேஜரிடம் நிற்க வேண்டாம். கோடையில் வேலூர் வெயில் தாங்காது, அதற்கு ஆஸ்பத்திரி என்ன செய்யும்.

இப்போது வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஜெபம். ஆமென் சொல்லும்போதே அம்மா கையில் தண்ணீர் டம்ளர் இருக்கும்.