லினக்ஸ் கணினிக்கு எது முதலில்: கூடுதல் கோர்களா, இரண்டாவது கிராபிக்ஸ் கார்டா?

இருக்கிற பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்று குழம்புகிறவர்களுக்காக இது. கூடுதல் கோர்கள் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), இரண்டாவது கார்டு இரண்டையும் லினக்ஸ் ஆதரிக்கிறது, ஆனால் ஒரே அளவுக்கு அல்ல.

அமைப்பது
கோர்கள்: பெரிய வேலையே இல்லை. லினக்ஸின் மைய நிரலான கெர்னலில், 1996-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே பல பிராசஸர் ஆதரவு உண்டு. மதர்போர்டு ஏற்கும் பிராசஸரை மாட்டி கோர்களின் வேலையைக் காட்டும் எச்டாப் (htop) நிரலைத் திறந்தால் புதிய கோர்கள் வரிசையாக நிற்கும்.
கார்டு: டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளைப் பொறுத்தது. ஏஎம்டி டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. என்விடியாவின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போது அந்த டிரைவரின் மாட்யூலும் (கெர்னலோடு இணையும் பகுதி) மறுபடி கம்பைல் ஆக வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கப்பட வேண்டும். அது தவறினால் கறுப்புத் திரைதான்.

வேகம்
கோர்கள்: பல திரெட்களில் (ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி வேலைகளாக) ஓடும் நிரலுக்கே பலன். ஒரே திரெட்டில் ஓடுவதற்கு 16 கோர் கொடுத்தாலும் 15 சும்மாதான் இருக்கும்.
கார்டு: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் காட்சியைப் படமாக்கும் (ரெண்டரிங்) பகுதியான சைக்கிள்ஸ் இரண்டு கார்டையும் நன்றாகப் பயன்படுத்தும். ஆனால் 8 ஜிபி நினைவகமுள்ள கார்டுகள் இரண்டு சேர்ந்து 16 ஜிபி ஆகிவிடாது. பொதுவாகக் காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் அடங்க வேண்டும். பலரும் ஏமாறுவது இங்கேதான். கேம்களிலோ இரண்டாவது கார்டு பெரும்பாலும் தூங்கும்.

மின்சாரம்
கார்டுக்குப் பெரிய பவர் சப்ளையும் தேவைப்படலாம்.

சரி, யாருக்கு எது? கம்பைல் செய்பவர்கள், பல மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) ஓட்டுபவர்கள் கோர்களையே வாங்குங்கள். ரெண்டரிங், மெஷின் லேர்னிங் என்றால் கார்டு. மெய்நிகர் விண்டோஸுக்கு ஒரு கார்டை முழுசாக ஒப்படைக்க நினைப்பவர்களுக்கும் கார்டுதான். அப்படி ஒப்படைப்பதானால், வாங்கும் முன் மதர்போர்டில் அதற்குத் தேவையான ஐஓஎம்எம்யூ (IOMMU) வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.