கயோட்டி வேட்டைக்கு எந்த ரைஃபிள்? மேற்கு டெக்சஸில் .223, .22-250, .243: நீண்ட நாள் அனுபவம்

டெக்சஸ் மாநிலத்தின் சான் ஆஞ்சலோ பக்கம் கயோட்டி (ஆடுகளைத் தாக்கும், ஓநாய்ச் சாயலுள்ள காட்டு விலங்கு) சுடுகிறவர்களிடம் எந்த காலிபர் (தோட்டா அளவு) நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். நான் பல வருஷமாக .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர் மூன்றையும் ஒரே வேலைக்கு மாற்றி மாற்றி எடுத்துப் போயிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் .223 வாங்குங்கள். மற்ற இரண்டும் அருமையான ரைஃபிள்கள்தான், ஆனால் அவற்றுக்கென்று தனி நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் நீங்கள் வேட்டையாடவில்லை என்றால் அவற்றின் பலம் உங்களுக்குப் பயன்படாது.

நிலம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் செம்மறியும் வெள்ளாடும் அதிகம் வளர்க்கும் மாநிலம் டெக்சஸ். அவற்றை ஏலம் விடும் பெரிய சந்தை சான் ஆஞ்சலோவில் இருக்கிறது. சுற்றியுள்ள பண்ணைகளில் கண்ணுக்கெட்டும் தூரம் வரை மெஸ்கீட் மரமும் சப்பாத்திக்கள்ளியும்தான். மெஸ்கீட் நம் ஊர் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், அதே பேரினம். ராமநாதபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காடு புதிதாகத் தெரியாது. இந்தப் புதர்களுக்குள் உட்கார்ந்து, அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஒலி எழுப்பிக் கயோட்டியை வரவழைத்துச் சுடுவதுதான் இங்கே பழக்கம். அப்படி வருவது பெரும்பாலும் ஐம்பது கஜத்திலிருந்து நூற்றைம்பது கஜத்துக்குள் வந்து நிற்கும். இருநூறைத் தாண்டிச் சுட வேண்டியது அபூர்வம்.

இங்கே இருந்து வடக்கே, சமவெளியில் கோதுமை விளையும் பகுதிக்குப் போனால் கதை வேறு. கிழக்கு நியூ மெக்சிகோவும் அப்படித்தான். மறைவே கிடையாது. கயோட்டி முந்நூறு கஜத்தில் நின்றுகொண்டு ஒலி வரும் திசையைப் பார்த்து யோசிக்கும், மேலே வராது. காற்றும் ஓயாது. ஒரே விலங்குக்கு இரண்டு வகை ரைஃபிள் வேண்டியிருப்பது இதனால்தான்.

விலங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோமம் அடர்த்தியாக இருப்பதால் கயோட்டி பெரிதாகத் தெரியும். இங்கே வளர்ந்த ஒன்றின் எடை பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினெட்டு கிலோவுக்குள்தான் இருக்கும். நெஞ்சில் குறி வைக்க வேண்டிய இடம் ஆறு அங்குலம்கூட இருக்காது. அதனால் இதற்குப் பெரிய சக்தி தேவையில்லை, துல்லியம்தான் தேவை. ஆட்டைக் கொல்கிறது என்பதற்காக அதைத் துடிக்க விட யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பட்ட இடத்திலேயே விழ வேண்டும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் .223. 1960-களில் ராணுவத்துக்கான சிறு தோட்டாவோடு சேர்ந்து பிறந்தது. 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) எடையுள்ள குண்டு குழலை விட்டு வெளியே வரும்போது நொடிக்கு 3,240 அடி வேகம். இருநூறு கஜத்தில் அது சுமார் 2,500 அடியாகவும், முந்நூறில் 2,170 அடியாகவும் குறையும். இருநூறு கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால் முந்நூறில் ஏழெட்டு அங்குலம் இறங்கும். இந்தப் புதர்க்காட்டில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் உதை, அதாவது சுடும்போது ரைஃபிள் தோளில் பின்னால் தள்ளுவது. உதையே இல்லை என்று சொல்லலாம். சுட்டபின் ஸ்கோப்பிலிருந்து (குறி பார்க்கும் தொலைநோக்கி) கண்ணை எடுக்காமலே குண்டு எங்கே பட்டது என்று பார்த்துவிடலாம். பனிக்காலக் கடைசியில் கயோட்டிகள் ஜோடியாக வரும். முதலாவது விழுந்ததும் இரண்டாவது ஓடிப்போய்க் கொஞ்ச தூரத்தில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் அது ஸ்கோப்புக்குள் இருக்க வேண்டும். .223 வைத்திருக்கும்போது இருக்கும். லேசான .243 வைத்திருந்தால் குழல் எகிறி, நீங்கள் மறுபடி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் செலவு. .223 பயிற்சித் தோட்டா ஒன்று அரை டாலர் அளவில் கிடைக்கிறது. மற்ற இரண்டுக்கும் நல்ல தோட்டா ஒன்றரை, இரண்டு டாலர் ஆகிவிடும். விலை குறைவாக இருப்பதால் நிறையச் சுட்டுப் பழகுவோம். பழகின கை காட்டில் தவறாது. எந்த காலிபர் என்ற வாதத்தில் இந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

.223-க்குக் கெட்ட பெயர் வருவது பெரும்பாலும் தவறான குண்டால். ராணுவ வகை முழு உறை போட்ட குண்டு விரியாது. கயோட்டியை ஊசிபோல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், அது அடிபட்டு ஓடி எங்கோ சாகும். அதைக் கொண்டு தயவுசெய்து சுடாதீர்கள். இதற்கு நேர்மாறாக, 35, 40 கிரெய்ன் லேசான குண்டுகள் வேகமாகப் போனாலும் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும், உள்ளே இறங்காது. ஹார்னடி வி-மேக்ஸ், நாஸ்லர் பாலிஸ்டிக் டிப், சியரா பிளிட்ஸ்கிங் போன்ற பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகளில் 50 அல்லது 55 கிரெய்ன் எடுத்தால் போதும். கயோட்டி கொஞ்சம் சாய்வாக நின்றாலும் உள்ளே போய் விரியும், மறுபக்கம் வெளியே வருவது குறைவு. தோலை விற்கிறவர்களுக்கும் இதுவே வசதி. வாங்கும் ரைஃபிளின் குழலில் டுவிஸ்ட் (உட்புறத் திருகு ஒரு சுற்று முடிக்க எத்தனை அங்குலம் என்ற கணக்கு) 1:8 அல்லது 1:9 இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் 70 கிரெய்னுக்கு மேல் கனமான குண்டு போட ஆசை வந்தால் 1:8 ஏற்கும். பழைய 1:12 குழல் ஏற்காது.

அடுத்து .22-250. இது 1915-ல் வந்த .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை (குண்டைப் பிடித்திருக்கும் முன்பகுதி) சுருக்கி ஆர்வலர்கள் வீட்டிலேயே செய்துகொண்டிருந்தது. 1965-ல்தான் ரெமிங்டன் அதைத் தன் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே 55 கிரெய்ன் குண்டு இதில் 3,680 அடி வேகத்தில் கிளம்பும். இதோடு பல பருவம் பழகிய பிறகு நான் கண்டது இதுதான்: .223 இருநூறு கஜத்தில் செய்யும் வேலையை .22-250 முந்நூறு கஜத்தில் செய்கிறது. தோட்டா நிறுவனத்தின் அட்டவணையும் அதையே சொல்கிறது. .223-ன் வேகம் இருநூறில் 2,500 அடி, .22-250-ன் வேகம் முந்நூறில் 2,512 அடி. அதிகமாகக் கொடுக்கும் காசுக்கு நமக்குக் கிடைப்பது அந்த நூறு கஜம்தான். சமவெளியில் அந்த நூறு கஜம் பொன். மெஸ்கீட் புதருக்குள் அதை எங்கே வைத்துப் பயன்படுத்துவது?

அதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். வெடிமருந்து அதிகம் எரிவதால் குழல் சீக்கிரம் சூடாகும். பயிற்சியில் வரிசையாகச் சுட்டால் குழலின் தொண்டைப் பகுதி (தோட்டா இருக்கும் அறைக்கு அடுத்த இடம்) தேய்ந்துவிடும். ஆற விட்டு ஆற விட்டுத்தான் சுட வேண்டும். சத்தமும் அதிகம், காதுக் கவசம் இல்லாமல் ஒரு தடவைகூடச் சுடாதீர்கள். கிட்டத்தில் பட்டால் தோலில் பெரிய ஓட்டை விழும்.

.243 வின்செஸ்டர் 1955-ல் வந்தது, .308-ன் கழுத்தைச் சுருக்கியது. மானையும் இதனால் சுடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் நான் இதை வைத்திருப்பது காற்றுக்காக. மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்றில், முந்நூறு கஜத்தில், .223-ன் 55 கிரெய்ன் குண்டு பத்துப் பதினோரு அங்குலம் ஒதுங்கிப் போகும். .22-250 ஒன்பது அங்குலம் ஒதுங்கும். .243-ல் 87 கிரெய்ன் வி-மேக்ஸ் ஆறரை அங்குலத்துக்குள் நிற்கும். ஆறு அங்குலக் குறியில் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றின் வேகத்தைக் கண்ணால் கணிக்கும்போது எல்லோருக்கும் மூன்று நான்கு மைல் தவறும். கணிப்பு தவறினாலும் .243 கொஞ்சம் மன்னிக்கும். அதனால் சமவெளிக்கு .22-250-ஐவிட .243-ஐத்தான் சொல்வேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு.

.243-ல் எனக்குப் பயம் தரும் ஒரு விஷயம் இருக்கிறது. மானுக்கான 100 கிரெய்ன் குண்டைப் போட்டுக் கயோட்டியைச் சுட்டால் அது துளைத்துக்கொண்டு வெகு தூரம் போகும். ஆட்டுப்பண்ணையில் இது சின்ன விஷயம் இல்லை. பின்னால் மேடு இருக்கிறதா, மந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடவே கூடாது. மந்தைக்குள் காவல் நாய்களும் இருக்கும். கிரேட் பிரனீஸ் வெள்ளையாக இருப்பதால் பகலில் தெரிந்துவிடும். அனடோலியன் வகை நாய்கள் மணல் நிறத்தில் இருக்கும், அந்திப் பொழுதில் கயோட்டி என்றே தோன்றும். இரவில் தெர்மல் ஸ்கோப்பில் நிறமே கிடையாது, எல்லாம் வெப்பத்தின் உருவம்தான். டெக்சஸில் நில உரிமையாளரின் அனுமதியோடு இரவிலும் கயோட்டி சுடலாம், அதனால் இந்த ஆபத்து நிஜமானது. நான் இரவில் .223 மட்டும்தான் எடுத்துப் போகிறேன். நடை, வால், மந்தையோடு அது பழகும் விதம் எல்லாம் பார்த்து உறுதியான பிறகே சுடுவேன். சந்தேகம் இருந்தால் அது போகட்டும். ஒரு பண்ணைக்காரருக்கு அவர் நாயின் உயிர், கயோட்டி தின்னும் குட்டிகளைவிடப் பெரிது.

வேறு சிலவும் கேட்பார்கள். 2004-ல் வந்த .204 ரூகர், 40 கிரெய்ன் குண்டை 3,900 அடியில் அனுப்புகிறது. காற்றில் .22-250-ஐவிடக் கொஞ்சம் குறைவாகவே ஒதுங்கும், உதை இல்லை, நல்ல தோட்டா. ஆனால் சிறு ஊர்க் கடைகளில் கிடைப்பது கஷ்டம். .17 எச்எம்ஆர், .22 எல்ஆர் இரண்டும் மிகச் சிறிய தோட்டாக்கள், இந்த வேலைக்கு வேண்டாம். 6.5 கிரீட்மோர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயன்படுத்தலாம், இதற்காகவே வாங்க வேண்டியதில்லை.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் மாறும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே செம்புக் குண்டுதான், அதற்கு ஏற்ற குழலும் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாக, .223 வாங்குகிறவர்களில் பாதிப் பேர் 16 அங்குலக் குழல் வைத்த ஏஆர்-15 (ராணுவ ரைஃபிள் வடிவில் வரும் பொதுமக்கள் துப்பாக்கி) எடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் 3,240 அடி, 24 அங்குலக் குழலில் அளந்தது. 16 அங்குலத்தில் அதில் ஏறக்குறைய இருநூறு அடி குறையும். மேலே நான் சொன்ன தூரங்களில் இருந்து ஐம்பது கஜத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.