பில்ஸ்டேல் கோபுரம் எரிந்த பிறகு: காத்திருப்பதா, டிஷ்ஷா, இணையமா?

2021 ஆகஸ்ட் 10 அன்று இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் உள்ள பில்ஸ்டேல் ஒளிபரப்புக் கோபுரத்தில் தீப்பிடித்தது. 314 மீட்டர் உயரம், 1969இல் எழுப்பியது. கோபுரம் விழவில்லை, ஆனால் டிவி, எஃப்எம், டிஜிட்டல் ரேடியோ எல்லாம் அதே கம்பத்தில் இருந்ததால் மொத்தமாகப் போய்விட்டன. போதாக்குறைக்கு, பள்ளத்தாக்குகளில் இருக்கும் சின்ன ரிலே நிலையங்கள் பில்ஸ்டேலின் சிக்னலைக் காற்றிலிருந்து வாங்கித்தான் திரும்ப அனுப்பும், அதனால் அவையும் படுத்துவிட்டன.

கடைசியில் கோபுரத்தை இடித்தார்கள். இடிக்காமல் பழுதுபார்த்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் மாஸ்கோவின் ஓஸ்டான்கினோவைக் காட்டுவார்கள். 540 மீட்டர் கோபுரம், 2000 ஆகஸ்டில் எரிந்தது, மூன்று பேர் இறந்தார்கள், உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகு வடங்களில் பெரும்பாலானவை அறுந்தன, ஆனாலும் சரிசெய்து இன்றும் நிற்கிறது. அது தன் காலில் நிற்கும் கான்கிரீட். பில்ஸ்டேலோ இழுவைக் கம்பிகள் தாங்கிப் பிடித்த மெல்லிய எஃகுக் கம்பம். சூட்டில் பலவீனமான இரும்பில் யாரை ஏறச் சொல்வது? இடித்ததுதான் சரி. அக்டோபர் 6 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சரி, வீட்டில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்தவர்களுக்கு என்ன வழி இருந்தது?

முதல் வழி, சும்மா காத்திருப்பது. கோபுரத்தை நடத்தும் ஆர்கிவா நிறுவனம் முதலில் மிடில்ஸ்பரோ பக்கம் ஈஸ்டன் நாப் போன்ற இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்னலை மீட்டது, அப்புறம் பில்ஸ்டேலிலேயே 80 மீட்டர் தற்காலிகக் கம்பம் நட்டது. ஆனால் அது தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பாதுகாக்கப்பட்ட மேட்டு நிலம், பாதை பற்றி நிலத்துக்காரரோடு உடன்பாடு வராமல் நாட்கள் ஓடின, கடைசியில் அக்டோபர் 13 அன்றுதான் ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டு மாதம்! அதிலும் 314 எங்கே, 80 எங்கே. குன்றுக்கு மறுபக்கம் இருந்தவர்களுக்கு அப்போதும் சிக்னல் தலைக்கு மேலே போனது. செலவில்லாத வழி என்பதைத் தவிர இதில் எனக்குப் பெரிய நன்மை தெரியவில்லை.

இரண்டாவது, ஆன்டெனாவைத் திருப்புவது. மொட்டைமாடியில் ஏறி நின்று "இப்போ தெரியுதா?" என்று கத்திய நம் ஆட்களுக்கு இதுதான் முதலில் தோன்றும். தெற்கே இருப்பவர்கள் எம்லி மூர் கோபுரத்தின் பக்கமும் வடக்கே இருப்பவர்கள் பான்டாப் பைக் கோபுரத்தின் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ரிலே நிலையத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் திசை மட்டும் போதாது, படுத்திருக்கும் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும்படி ஆன்டெனாவையே 90 டிகிரி புரட்ட வேண்டும், ஏனென்றால் ரிலேக்கள் பெரும்பாலும் செங்குத்து அலையில்தான் அனுப்புகின்றன. இன்னொரு சிக்கல்: எம்லி மூருக்குத் திரும்பினால் உள்ளூர்ச் செய்தி லீட்ஸ் பக்கத்துச் செய்தியாகிவிடும். மழை ஈரத்தில் கூரை ஏறும் அளவுக்கு இது தகுமா என்றால், பழைய கோபுரத்தின் சிக்னல் எட்டும் எல்லையின் விளிம்பில் இருந்தவர்களுக்கு மட்டும் தகும்.

இணையம்தான் நவீன வழி என்பார்கள். நகரத்துக்குள் சரி. பிராட்பேண்ட் நொண்டும் மேட்டுக் கிராமங்களில், ரிமோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கியே பழகிய எண்பது வயதுக்காரரிடம் பிபிசியின் இணைய டிவியான ஐபிளேயரின் கடவுச்சொல்லைக் கேட்டால் அவர் டிவியை அணைத்துவிட்டுப் போய்விடுவார்.

என் ஓட்டு டிஷ்ஷுக்குத்தான். ஃப்ரீசாட் என்ற செயற்கைக்கோள் டிவி மாதக் கட்டணம் இல்லாதது, பிபிசி, ஐடிவி எல்லாம் வரும், எந்த மலையும் கோபுரமும் அதற்கு ஒரு பொருட்டில்லை, தெற்கு வானம் கொஞ்சம் திறந்திருந்தால் போதும். பல வீட்டுச் சுவரில் சந்தாவை நிறுத்திய பழைய ஸ்கை டிஷ் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதுவும் இதுவும் பார்ப்பது ஒரே இடத்துச் செயற்கைக்கோள்களைத்தான், 28.2 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே. கேபிள் நன்றாக இருந்தால் பெட்டியை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. குறை இல்லாமல் இல்லை. படுக்கையறை டிவிக்கு டிஷ்ஷிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும், வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். ரேடியோவும் அதே பெட்டியில் வரும், ஆனால் வரவேற்பறையில் மட்டும்; காரில் எஃப்எம் கேட்டுப் பழகியவருக்கு டிஷ் எதுவும் செய்யாது. அந்த ஒரு விஷயத்தில் ஆர்கிவா சிக்னலை மீட்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

புதிய கோபுரம் 2023இல் வேலைக்கு வந்தது. டிஷ்ஷுக்குப் போனவர்கள் பழைய ஆன்டெனா கேபிளை அறுக்காமல் விட்டிருந்தால் மறுபடி செருகி ஒரு ரீட்யூன், அதாவது டிவியைச் சேனல்களைத் தேட விடுவது, அவ்வளவுதான். எம்லி மூருக்குத் திருப்பியவர்கள் திரும்பவும் ஏணி தேட வேண்டும்.