கரையா, கடலா: மொசாம்பிக் எரிவாயுவில் இரண்டு கணக்கு

மொசாம்பிக்கின் வடகோடி மாகாணம் காபோ டெல்காடோ. அதன் கடலுக்கடியில் பெரிய எரிவாயு வயல்கள் இருப்பது 2010 முதல் தெரியவந்தது. 2017 அக்டோபரில் அதே மாகாணத்தில் ஆயுதக் கலகமும் வெடித்தது. இப்படிப்பட்ட இடத்தில் பணம் போடுபவர், எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலையை எங்கே வைப்பது, கரையிலா, கடலிலா? இதற்கு இரண்டு விடைகள் நம் கண்முன்னே சோதிக்கப்பட்டுவிட்டன.

கடலைத் தேர்ந்தது இத்தாலியின் எனி. தென்கொரியாவில் கட்டிய கோரல் சுல் என்ற மிதக்கும் ஆலையைக் கொண்டுவந்து நிறுத்தி, 2022 நவம்பரில் முதல் கப்பலை அனுப்பிவிட்டது. ஆண்டுக்கு 34 லட்சம் டன் திரவ எரிவாயு, செலவு சுமார் 700 கோடி டாலர். இதற்காக எனியைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட வேண்டாம். அவர்கள் முதலீட்டு முடிவை எடுத்தது 2017 ஜூனில், கலகத்துக்கு நான்கு மாதம் முன்பு.

கரைத் திட்டத்தின் கதை வேறு. அனடார்கோ நிறுவனம் 2019 ஜூனில், கலகம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே மாகாணக் கரையில் உள்ள அஃபுங்கியில் ஆலை கட்ட முடிவெடுத்தது. சில மாதங்களில் அதன் 26.5 சதவீதப் பங்கை பிரான்சின் டோட்டல் வாங்கிப் பொறுப்பேற்றது. (இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதில் 30 சதவீதம் உண்டு.) மதிப்பீடு 2,000 கோடி டாலர், உற்பத்தி ஆண்டுக்கு சுமார் 130 லட்சம் டன்.

2021 மார்ச் 24 அன்று, பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டுவிட்டது, நிறுத்தி வைத்த வேலையைப் படிப்படியாகத் தொடங்குகிறோம் என்று டோட்டல் அறிவித்தது. அன்றே பக்கத்து ஊரான பால்மாவுக்குள் கலகக்காரர்கள் புகுந்தார்கள். அமருலா ஹோட்டலில் பதுங்கியிருந்தவர்கள் இரண்டு நாள் கழித்து வாகன வரிசையாகத் தப்பிக்கப் பார்த்தபோது, வழிமறித்துச் சுட்டார்கள். ஆலை வளாகம் தப்பியது, ஆனால் சுற்றிலும் ஊர் இல்லாமல் போனால் ஆலை எப்படி நடக்கும்? ஏப்ரலில் டோட்டல் ‘ஃபோர்ஸ் மஜூர்’ (கைமீறிய சூழலால் ஒப்பந்தக் கடமைகளை நிறுத்திவைப்பது) அறிவித்து வெளியேறியது. அதை விலக்கிக்கொண்டது 2025 நவம்பரில்தான். 2024-இல் வரவேண்டிய எரிவாயு இப்போது 2029-க்குப் போய்விட்டது.

சரி, பணக்கணக்குக்கு வருவோம். பத்து லட்சம் டன் திறனுக்கு மிதக்கும் ஆலையில் ஏறக்குறைய 200 கோடி டாலர் ஆகிறது, கரையில் 150 கோடிதான். காகிதத்தில் கரை மலிவு. ஆனால் தாமதத்தால் ஏறிய செலவு என்று டோட்டல் கேட்ட 450 கோடியைச் சேர்த்தால் அந்த 150, சுமார் 190 ஆகிவிடுகிறது. கைக்கு வராத ஐந்து ஆண்டு வருமானம் இதில் சேரவே இல்லை. ஆக, கடலுக்குக் கொடுத்த கூடுதல் விலையை ஒரு காப்பீட்டுப் பிரீமியமாகப் பார்த்தால், அது அநியாய விலை இல்லை.

அப்படியானால் எல்லாரும் கடலுக்கே போகலாமா? பங்குதாரராக இருந்தால் என் ஓட்டு கடலுக்குத்தான். எனியும் 2025 அக்டோபரில் கோரல் நோர்த்தே என்ற இரண்டாவது ஆலைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. மொசாம்பிக் அரசின் நாற்காலியில் உட்கார்ந்தால் பார்வை மாறும். கொரியாவில் கட்டி, நடுக்கடலில் நிற்கும் ஆலையால் வரி வரும், உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை அதிகம் வராது. கலகத்துக்கு ஆள் கிடைப்பதே வேலையில்லாத இளைஞர்களிடமிருந்துதான். ஆனால் கரையிலும் வேலைக்கு முன்னால் வந்தது இடம்பெயர்வு: அஃபுங்கிக்காக 500-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தை விட்டு எழுப்பப்பட்டன.

கரைக்காரர்களுக்கு இப்போது இருக்கும் தைரியம் பெரும்பாலும் ருவாண்டா ராணுவம். 2021 ஜூலையில் சுமார் 1,000 பேருடன் வந்து பால்மா பக்கத்தை மீட்டது அதுதான். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகள் சேர்ந்து அனுப்பிய கூட்டுப்படை 2024-இல் கிளம்பிவிட்டது. ருவாண்டா வீரர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு முறை தலா 2 கோடி யூரோ கொடுத்திருக்கிறது. அதாவது, ஆலையின் காவல் இன்னொரு நாட்டின் படையையும் மூன்றாவது தரப்பின் பணத்தையும் நம்பி நிற்கிறது. ஆண்டுக்கு 180 லட்சம் டன் திட்டத்தோடு அதே அஃபுங்கியில் காத்திருக்கும் எக்ஸான்மொபில் இறுதி முடிவெடுக்கும்போது, எரிவாயு விலைக்கு முன்னால் இந்த ஏற்பாடு இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்றுதான் கேட்க வேண்டியிருக்கும்.