எண்ணெய்க் குளியல் நாளில் நின்றுபோகும் சில்லர்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின்புற வராந்தாவில் குளிர்நீர்த் தொட்டி வந்து உட்கார்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. 400 லிட்டர் பிடிக்கும் தொட்டி, அதனோடு தண்ணீரைக் குளிர்விக்கும் அரைக் குதிரைத்திறன் இயந்திரமான சில்லர், சில்லரின் வயிற்றுக்குள் ஒரு பம்ப், ஒரு மடிப்பு வடிகட்டி, சிறிய ஓசோன் கருவி ஆகியவை சேர்ந்து 1,40,000 ரூபாய் ஆயிற்று. ஞாயிறு காலையில் ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறி இறங்கியபின், 12 டிகிரித் தண்ணீரில் மூன்று நிமிடம் உட்கார வேண்டும் என்ற ஆசையில் வாங்கியது இது. குளிர்ச்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை. சேலத்து மே மாதத்தில்கூட 12 டிகிரியைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே இந்த மதிப்புரையில் குளிரைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. விற்பவர்கள் ஒரே வரியில் கடந்துபோகிற வடிகட்டியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன்.

வாங்கிய மூன்றாவது மாதத்தில் சில்லர் தானாக நின்றுபோகத் தொடங்கியது. திரையில் நீரோட்டம் குறைவு என்பதற்கான குறியீடு மின்னும். அணைத்துப் போட்டால் சற்று நேரம் ஓடும். பிறகு மீண்டும் நிற்கும். விற்ற நிறுவனத்தின் சேவைப் பிரிவிலிருந்து வந்தவர் நீரோட்ட உணரியைக் கழற்றிப் புதியது மாட்டி, 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வடிகட்டியை அவர் திறந்தே பார்க்கவில்லை. பத்து நாளில் அதே குறியீடு வந்தது. இரண்டாம் முறை தொலைபேசியில் பேசியபோது, உங்கள் வீட்டு மின்னழுத்தம் சரியில்லை என்றார்கள். நோயைக் கண்டுபிடித்தவர் என் அம்மாதான். "ஏங்கண்ணு, உன் தம்பி எண்ணெய் வெச்சுக் குளிக்கற அன்னைக்குத்தான அது நின்னுபோகுது?" என்று கேட்டார். நாட்காட்டியில் குறித்துப் பார்த்தேன். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் புதனும் சனியும் கழிந்த இரவுகளில்தான் சில்லர் நின்றிருந்தது. நல்லெண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அன்று மாலையே தம்பி தொட்டியில் இறங்குவது வழக்கம். எண்ணெய் வைத்த நாளில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அம்மா வேறு காரணத்துக்காக ஆரம்பத்திலிருந்தே கண்டித்துவந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

காரணம் எளிமையானது. அரப்புப் போட்டாலும் தலைமுடியில் எண்ணெய் கொஞ்சம் தங்கும். முடியின் அடியில் அரப்புத் தூளும் தங்கும். தண்ணீர் குளிர்ந்திருப்பதால் எண்ணெய் மேலும் கெட்டியாகி, வடிகட்டியின் பாலியஸ்டர் மடிப்புகளில் பிசுக்காகப் படிகிறது. அந்தப் பிசுக்கில் அரப்புத் தூள் ஒட்டிக்கொள்ள, பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும் வடிகட்டியே தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நீரோட்டம் குறைந்தும் சில்லர் நிற்காமல் ஓடினால், வெப்பப் பரிமாற்றிக்குள் தேங்கும் தண்ணீர் உறைந்து குழாயையே உடைத்துவிடக்கூடும். அதைத் தடுக்கத்தான் உணரி இயந்திரத்தை நிறுத்துகிறது. நாங்கள் காசு கொடுத்து மாற்றிய உணரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

பொருளின் அமைப்பில் எனக்குள்ள பெரிய குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வாரந்தோறும் கழற்ற வேண்டிய வடிகட்டியை, சில்லரின் பின்பக்கத் தகட்டுக்குள், நான்கு திருகாணிகளுக்கு அப்பால் வைத்திருக்கிறார்கள். சுவரை ஒட்டி வைத்துவிட்டால் இயந்திரத்தையே நகர்த்தாமல் கை நுழையாது. தொட்டிக்கும் வடிகட்டிக்கும் இடையே தண்ணீரை நிறுத்த வால்வும் கிடையாது. மூடியைத் திருகியவுடன் ஒரு வாளித் தண்ணீர் தரையில் கொட்டும். உள்ளூர்ப் பிளம்பரை அழைத்து இரு பக்கமும் தண்ணீரை அடைத்துத் திறக்கும் பால் வால்வு (ball valve) போட்டுக்கொண்டோம். வால்வு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்தான் ஆயிற்று. தயாரிப்பவர்கள் இதைச் செய்யாதது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வடிகட்டியைக் கழுவும் முறைக்குக் கையேட்டில் "வாரம் ஒருமுறை அலசவும்" என்று இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அது மட்டும் போதவில்லை. வாரம் ஒருமுறை, சாதாரணக் குழாய்த் தண்ணீரைச் சாய்வாகப் பாய்ச்சி, மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடிப்பையும் விரித்து அலசுகிறேன். கார் கழுவும் அழுத்தக் குழாயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இழைகள் பிரிந்து, அழுக்கு மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். மாதம் ஒருமுறை, வடிகட்டிகளுக்கென்று விற்கும் காரத்தன்மையுள்ள சுத்திகரிப்புத் தூளை வாளித் தண்ணீரில் கரைத்து இரவு முழுவதும் ஊறவைக்கிறேன். எண்ணெயைக் கழற்றுவது இந்தக் காரம்தான். அதன் பிறகும் மடிப்புகள் சுண்ணாம்பு பூசியதுபோல் விறைப்பாக இருந்தால், நன்றாக அலசியபின் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் சிறிது நேரம் வைக்கிறேன். இந்த வரிசை மாறக் கூடாது. எண்ணெய் இருக்கும்போதே அமிலத்தில் போட்டால் பிசுக்கு இழையோடு இறுகிவிடும். என் முதல் வடிகட்டியை நான் அப்படித்தான் பாழாக்கினேன். குளோரின் மருந்தும் அமிலமும் ஒரே வாளியில் சேரக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். எப்போதும் இரண்டு வடிகட்டிகள் வைத்திருப்பது நல்லது: ஒன்று ஓடும்போது மற்றொன்று முழுதாகக் காயும். ஒன்றின் விலை 650 ரூபாய்.

அந்தச் சுண்ணாம்புப் பூச்சு எங்கிருந்து வருகிறது என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகரத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் நடுவே கிடப்பது வெள்ளைக்கல் பூமி. வெள்ளைக்கல் என்பது மக்னீசியம் கார்பனேட். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாயில் வரும் மேட்டூர் அணைத் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மென்மையானது. ஆனால் முறைவைத்து வரும் குழாய்த் தண்ணீரை 400 லிட்டர் இதற்கென்று ஒதுக்க வீட்டில் யாருக்கும் மனம் வருவதில்லை. நாங்கள் பாதிக்குப் பாதி கலக்கிறோம். தொட்டியின் சுவரெல்லாம் உப்புப் படியும் என்று பயந்திருந்தேன், படியவில்லை. வெந்நீர்க் கெய்சரில் நடப்பதற்கு இது நேர்மாறானது: கால்சியம் கார்பனேட் சூடான தண்ணீரைவிடக் குளிர்ந்த தண்ணீரில் அதிகமாகக் கரைந்து நிற்கும். பழைய வடிகட்டியை வெயிலில் காயவைத்தபோதும், ஊருக்குப் போனபோது சில்லரை அணைத்துவைத்திருந்த ஒரு வாரத்திலும்தான் படிவு வந்தது. இப்போது நிழலில் காயவைக்கிறேன். காயவைக்கும் முன் கடைசி அலசலுக்கு மேட்டூர்த் தண்ணீர்.

ஓசோன் கருவி இருப்பதால் மருந்தே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னதை நம்ப வேண்டாம். ஓசோன் குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும், கிருமியையும் கொல்லும். ஆனால் சிறிது நேரத்தில் சிதைந்து மறைந்துவிடும், அடுத்தவர் இறங்கும்போது தண்ணீரில் காவலுக்கு எதுவும் இராது. குளிரில் கிருமிகள் பெருகுவது மெதுவாகுமே தவிர அவை சாவதில்லை. குழாய்களின் உட்புறத்தில் படியும் வழவழப்பான படலத்தில் அவை சுகமாக வாழும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது. ஆகவே டைகுளோர் எனப்படும் குளோரின் தூளைக் குறைந்த அளவில் போடுகிறேன். இதில் 56 சதவீதம் குளோரின் என்பதால், 400 லிட்டருக்கு 2 கிராம் போட்டால் ஏறத்தாழ 2.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2.8 பங்கு) வரும். இரண்டு கிராமைக் கரண்டியால் அளப்பது குருட்டு வேலை என்பதால், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற சிறிய மின்தராசு ஒன்றை வாங்கிக்கொண்டேன். இந்தத் தொட்டிக்காக வாங்கியவற்றில் மிகவும் பயனுள்ள பொருள் அதுதான். சோதனைத் தாளில் குளோரின் 1 பிபிஎம்முக்குக் கீழே இறங்காமலும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.6 வரையிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பி.எச். 8ஐத் தாண்டினால் குளோரினில் மூன்றில் ஒரு பங்குகூட வீரியத்தோடு இருக்காது. ஓசோன் குமிழிகள் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் எங்கள் தண்ணீரில் பி.எச். தானாகவே மெல்ல ஏறும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன பிளீச்சிங் பவுடரை நான் ஏற்கவில்லை: ஏற்கெனவே கடினமான தண்ணீரில் அது மேலும் கால்சியத்தைச் சேர்க்கும், கரையாத வண்டல் வடிகட்டியை அடைக்கும். அதையும் டைகுளோரையும் உலர்ந்த நிலையில் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

தண்ணீரை எப்போது மாற்றுவது என்பதற்கு வெந்நீர்த் தொட்டிகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு: லிட்டர் அளவை 11.4ஆல் வகுத்து, அதை நாளொன்றுக்கு இறங்குபவர்களின் எண்ணிக்கையால் மீண்டும் வகுக்க வேண்டும். எங்கள் வீட்டில் வாரத்துக்கு எட்டு முழுக்கு என்பதால் ஏறத்தாழ 30 நாள் வருகிறது. அதற்கு முன்பே மாற்றுவது சேலத்து வெயிலில் வீண் செலவு. மாடித் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியில் வந்தால், 400 லிட்டரையும் 12 டிகிரிக்கு இறக்க 9 யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். எங்கள் சில்லர் அதற்கு ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் எடுத்துக்கொள்கிறது. வடிகட்டியைக் கவனித்தால் 30 நாள் தாங்கும் தண்ணீர், கவனிக்காவிட்டால் இரண்டாவது வாரத்திலேயே கலங்கிவிடுகிறது. கழிக்கும் தண்ணீரைக் குளோரின் இறங்கும்வரை இரண்டு நாள் விட்டுவிட்டுத் தென்னைக்குப் பாய்ச்சுகிறோம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீட்டில் இதே தொட்டியை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு என் தொல்லைகளில் பாதி இல்லை. அங்கே சில்லர் டிசம்பரில் பெயருக்குத்தான் ஓடுகிறது. ஆனால் அவர் தொட்டி திறந்த வெளியில் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் இருப்பதால், சருகும் செம்மண் தூளும் விழுந்து தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வருகிறது. வாரம் இருமுறை வடிகட்டி அலசுகிறார். மூடியை மூடிவைக்கச் சொன்னேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: குளிர்விப்பதில் இந்த இயந்திரத்துக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் தருவேன்; வடிகட்டி அமைப்புக்குப் பத்துக்கு மூன்று; விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு அதுவும் இல்லை. வாரத்துக்குக் கால்மணி நேரம் குனிந்து வேலை செய்ய ஆளில்லாத வீட்டுக்கு, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் ஐஸ் கட்டியும் போதும். முழுகி எழுந்து தண்ணீரைக் கொட்டிவிடலாம். வாங்குவதென்று முடிவு செய்தால், பணம் கொடுக்கும் முன் விற்பனையாளரையே வடிகட்டியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் தம்பி இப்போது திங்களும் வியாழனும்தான் தொட்டியில் இறங்குகிறான், அதுவும் தலைக்குக் குளித்த பிறகு. ஏழு மாதமாக அந்தக் குறியீடு திரையில் வரவில்லை.