ஃபார்மேட்டா, டிரைவரா, தூசியா? பாதியில் நின்றுபோகும் கேமுக்கு எது வைத்தியம்

மே மாதம், கத்திரி வெயில், மணி பகல் இரண்டு. அக்கா பையன் காட்பாடி காந்தி நகரிலிருந்து கம்ப்யூட்டர் கேபினட்டை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்கவைத்துச் சத்துவாச்சாரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். "மாமா, கேம் போட்டா இருபது நிமிஷம்தான். டப்புனு டெஸ்க்டாப்புக்கு வந்துடுது. சில நேரம் மொத்தமாவே ஆஃப் ஆயிடுது" என்றான். முந்தைய வாரம்தான் ஒரு கடையில் 600 ரூபாய் கொடுத்து ஃபார்மேட் அடித்திருந்தான். அன்று ராத்திரி நன்றாக ஓடியதாம். மறுநாள் மதியம் பழைய கதை.

நம் பக்கம் கேம் நின்றால் மூன்று வைத்தியம் சொல்வார்கள். கடைக்குப் போனால் ஃபார்மேட். நண்பனைக் கேட்டால் டிரைவரை, அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் சாஃப்ட்வேரை, மாற்று என்பான். மூன்றாவது, கேபினட்டைத் திறந்து பார்ப்பது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை. மூன்றையும் செய்து பார்த்தவன் நான். இவற்றில் ஃபார்மேட்டுக்குத்தான் செலவும் இழப்பும் அதிகம், பலன் குறைவு.

காரணம் எளிது. ஃபார்மேட் விண்டோஸை மட்டுமே புதிதாக்கும். ரேம் கோளாறோ, சூடோ, கரண்ட் பிரச்சினையோ அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு மறுபடி டவுன்லோடு வேறு: 100 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஐந்தரை மணி நேரம் ஆகும். சேவ் ஃபைல் கிளவுடில் இல்லையென்றால் அதுவும் போச்சு. வைரஸ் புகுந்த மெஷின், கிராக் கேம்களாகப் போட்டுக் குப்பையான மெஷின் என்றால் ஃபார்மேட் நியாயம்தான். அப்போதும் சி டிரைவை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். டி டிரைவில் கேம் ஃபோல்டர் இருந்தால், கேம் வாங்கி இறக்கும் ஸ்டீம் ஆப்பில் அதை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

டிரைவர் வழிக்குக் காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். திரை ஒரு நொடி கறுத்து, திரும்பி வந்து, கேம் மட்டும் மூடிக்கொள்கிறதா? விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் இவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101 என்று ஒரு பதிவு இருக்கிறதா பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, விண்டோஸ் அதை மீட்டது என்று அர்த்தம். அப்போது டிரைவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். புதியதைப் பழையதன் மேலேயே போடாமல், சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் இலவச மென்பொருள் கொண்டு பழையதைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். புதிய டிரைவர் வந்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது என்றால் முந்தைய பதிப்புக்கே திரும்பிவிடலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஃபைல் சரிபார்ப்பும் இதே வகைதான். ஸ்டீமில் கேம் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அங்கே வெரிஃபை. ஒன்றிரண்டு ஃபைல் சரியில்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் நம் செட்டிங்ஸ் ஃபைல்கள். ஆனால் ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும் புதிது புதிதாக ஃபைல்கள் கெட்டிருப்பதாக வந்தால் கேமைத் திட்டாதீர்கள். டிஸ்க் அல்லது ரேம் பக்கம் திரும்புங்கள். ரேமில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டிருந்தால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) அதை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை பென் டிரைவில் போட்டு ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பக் கூடாது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அவற்றில் பல நிலையில்லாமல் போவதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தமும் கூடுதலாக இரண்டு வருட வாரண்டியும் கொடுத்தது. பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது, வாரண்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, பையனின் மெஷினுக்கு வருவோம். ராத்திரி ஓடியது, மதியம் நின்றது என்று அவன் சொன்னதிலேயே பாதி பதில் இருந்தது. மே மாத வேலூரில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை மதியம் எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேபினட் அந்தக் காற்றையே இழுத்துத்தான் குளிர வேண்டும்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி திரண்டு கிடந்தது. கிராபிக்ஸ் கார்டில் இரண்டு ஃபேன். அதில் ஒன்று சுற்றவே இல்லை. அச்சில் தலைமுடி சுற்றியிருந்தது, அக்காவுடையதாகத்தான் இருக்கும். ப்ளோயரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். ஹீட்சிங்கைத் தூக்கினால், இடையில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுசு வைத்தேன். ரேமையும் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினேன். கடைக்காரர்கள் செய்கிற இந்த ஒரு வேலை மட்டும் நிஜமாகவே உதவும். முன்பு கேமில் 97 டிகிரி காட்டிய ப்ராசஸர், பிறகு 78ல் நின்றது. பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் 100 டிகிரியை நெருங்கினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் கேம் முதலில் திணறி, ஃப்ரேம் விழுந்து, அப்புறம் நின்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். ஃபார்மேட்டுக்குக் கொடுத்த 600இல் பேஸ்ட் வாங்கிவிட்டு, காட்பாடி ஸ்டேஷன் பக்கம் இரண்டு பேர் பிரியாணியும் சாப்பிட்டிருக்கலாம்.

டெஸ்க்டாப்புக்குத் தூக்கி எறிவது நின்றது. ஆனால் இரண்டு நாள் கழித்து போன்: "மாமா, மொத்தமா ஆஃப் ஆவறது மட்டும் போகல." இவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. கடையில் கேட்டதற்கு எஸ்எம்பிஎஸ்ஸை (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாற்றச் சொன்னார்களாம். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "ஆஃப் ஆகும்போது மானிட்டர் எரியுதா?"

"அதுவும் சேர்ந்து அணையுது மாமா. கீழ ஏதோ கத்துது."

எஸ்எம்பிஎஸ் போனால் கேபினட் மட்டும்தான் அணையும். மானிட்டர் சிக்னல் இல்லை என்று காட்டிக்கொண்டு விழித்திருக்கும். இரண்டும் சேர்ந்து அணைந்தால், இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கிற யுபிஎஸ்தான் கைவிடுகிறது. அவனிடம் இருந்தது வீடுகளில் வழக்கமாக இருக்கும் 600 விஏ. அது தாங்குவது ஏறக்குறைய 360 வாட். பொங்கலுக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தான். கேமில் பெரிய சண்டைக் காட்சி வந்தால் கார்டு ஒரேயடியாக இழுக்கும், யுபிஎஸ் கத்திவிட்டு விழுந்துவிடும். சோதிக்கக் காசு வேண்டாம்; யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஒரு சாயங்காலம் ஓட்டச் சொன்னேன். மூன்று மணி நேரம் ஓடியது. எஸ்எம்பிஎஸ் செலவு மிச்சம். அந்தக் காசில் கொஞ்சம் சேர்த்து 1100 விஏ யுபிஎஸ் வாங்கிக்கொண்டான்.

பழைய 600 விஏவில் அக்கா இப்போது வைஃபை ரௌட்டரை மாட்டிவைத்திருக்கிறாள். கரண்ட் போனாலும் அவள் போனில் சீரியல் ஓடுகிறது.